வீட்டுப் பியருக்குக் கசப்பு ஹொப்ஸைத் தெரிவு செய்யும் முறை

ஹொப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ. வீட்டில் பியர் தயாரிக்கத் தொடங்குகிறவர்களில் பலர் பெயரைப் பார்த்தே அதை வாங்குகிறார்கள். வாசனைக்குப் பேர்போன ஓர் இனத்தைக் கூடிய விலை கொடுத்து வாங்கி, அதை ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டு, அந்த வாசனை முழுவதையும் ஆவியாகப் போகவிட்டபின், எஞ்சிய கசப்பை மட்டும் குடிக்கிறார்கள். கசப்புக்கென்று போடும் ஹொப்ஸில் முதலில் பார்க்க வேண்டியவை வேறு: பொதியில் அச்சிட்டிருக்கும், கசப்புக்கு மூலமான அல்பா அமிலத்தின் அளவு, அறுவடை செய்த ஆண்டு, அந்தப் பொதி இதுவரை எந்த வெப்பநிலையில் இருந்தது என்பது. இனத்தின் பெயர் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். பியரும் அதில் அடங்கும். கசிப்பு என்னும் கள்ளச்சாராயத்தினால் எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன என்பதை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கண்ணால் கண்டவர்கள் நாம். ஆகவே இந்தச் சட்டத்தை வெறும் சம்பிரதாயமாக எண்ணிக் கடந்துபோக என்னால் முடியாது. பியர் தயாரிப்பு பற்றிய பகுதிகளை, இங்கிருந்து புலம்பெயர்ந்து, சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் தயாரிப்பதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். பிரித்தானியாவில் 1963ஆம் ஆண்டு முதல் இதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் நிறைவேறிய சட்டம் இதற்கு வழி திறந்தது. ஊரில் இருப்பவர்கள் செய்து பார்க்கக்கூடியது, ஈஸ்ட் சேராத, நொதிக்காத ஹொப்ஸ் நீர். அதில் மதுசாரம் இல்லை. கசப்பைப் பற்றிக் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதியை அதிலேயே கற்றுவிடலாம். அதற்கான முறையைப் பின்னால் தருகிறேன்.

கசப்பு வரும் வழி

ஹொப்ஸ் ஒரு கொடி. நீண்ட கோடைப்பகலும் குளிர்கால உறக்கமும் அதற்கு வேண்டும். ஆகவே ஜேர்மனியின் ஹலர்ட்டாவ், செக் நாட்டின் ஷாட்டெட்ஸ், இங்கிலாந்தின் கென்ட், அமெரிக்காவின் யக்கிமா பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் அது செழிக்கிறது. நம் கரையோர மணலில் வளர்க்க முயல்வது வீண். அதன் பெண் பூவின் இதழ்களை விரித்துப் பார்த்தால், அடியில் மஞ்சள் நிறத்தில் மகரந்தம் போன்ற பிசுபிசுப்பான பொடி இருக்கும். லுப்புலின் என்னும் அந்தப் பொடியில்தான் கசப்புக்குரிய பிசினும் வாசனைக்குரிய எண்ணெயும் அடங்கியுள்ளன. கடையில் கிடைக்கும் பச்சைநிறப் பெலெட், பூவை உலர்த்தி அரைத்து அழுத்தியது. ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கித் தேய்த்தால், நல்ல பெலெட் முதலில் எண்ணெய்ப் பளபளப்பைக் காட்டும். பிறகு விரல்கள் ஒட்டிக்கொள்ளும். மூக்கருகே கொண்டுபோனால் பச்சைப் புல்லும் பிசினும் கலந்த கூர்மையான மணம் வரும். தேய்க்கும்போதே தூளாக உதிர்ந்து, பழைய பாற்கட்டியின் புளித்த நாற்றம் வந்தால், அது பழையது.

பிசினில் இருக்கும் அல்பா அமிலங்கள் அப்படியே நீரில் அதிகம் கரைவதில்லை. கொதிக்கும் வெப்பத்தில் அவற்றின் மூலக்கூற்று அமைப்பு மாறி ஐசோ அல்பா அமிலங்களாகின்றன. அவை கரையும், கசக்கும், பியரின் நுரை நிலைத்து நிற்கவும் உதவும், சில வகைப் பக்றீரியாக்கள் பெருகாமலும் தடுக்கும். இந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும் என்பதால்தான் கசப்பு ஹொப்ஸைக் கொதியின் தொடக்கத்திலேயே போட்டு 60 நிமிடம் விடுகிறோம். வாசனை எண்ணெய்களின் குணம் இதற்கு நேர்மாறானது. அவை விரைவில் ஆவியாகிவிடும். இறால் குழம்புக்குக் கொறுக்காப்புளியை முதலில் போட்டுக் கொதிக்கவிட்டு, தாளிதத்தைக் கடைசியில் கொட்டுகிற வீட்டாருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. கசப்பு ஹொப்ஸ் முதலில் போடும் புளியின் இடத்தில் இருக்கிறது. அதற்கு வாசனைக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கொதிநிலையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. கடல்மட்டத்தில் உள்ள மட்டக்களப்பில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. 1881இல் பியர் ஆலை தொடங்கப்பட்ட நுவரெலியாவில், கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரத்தில், ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. வெப்பம் குறைந்தால் அமிலம் மாறும் வேகமும் குறையும். உயரமான மலைநகரங்களில் வாழ்பவர்கள் ஹொப்ஸைச் சற்றுக் கூட்ட வேண்டும், அல்லது கூடுதல் நேரம் கொதிக்கவிட வேண்டும்.

கணக்கிலிருந்து தொடங்குங்கள்

மெல்பேர்ணில் இருக்கும் மருமகன் தொலைபேசியில் கேட்கும் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “மாமா, எந்த ஹொப்ஸ் வாங்க?” என் பதிலும் எப்போதும் ஒரு கேள்விதான்: எத்தனை ஐபியூ வேண்டும்? ஐபியூ என்பது கசப்பை அளக்கும் அனைத்துலக அலகு. ஒரு லீற்றரில் ஒரு மில்லிகிராம் ஐசோ அல்பா அமிலம் இருந்தால் அது ஏறத்தாழ ஓர் ஐபியூ. கோதுமைப் பியருக்கு 8 முதல் 15 வரை போதும். ஜேர்மன் பில்ஸ்னருக்கு 22 முதல் 40, அமெரிக்கப் பேல் ஏலுக்கு 30 முதல் 50, ஹொப்ஸ் தூக்கலான ஐபிஏ வகைக்கு 40 முதல் 70 வரை போகலாம். நம் ஊரில் எல்லோரும் அறிந்த லயன் ஸ்டவுட் போன்ற இனிப்பும் அடர்த்தியும் கொண்ட வெப்பமண்டல ஸ்டவுட் வகைக்கு 30 முதல் 50 வரை குறிக்கிறார்கள்.

இந்த எண்ணைத் தனியே பார்ப்பது போதாது; மோல்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த இனிப்புச் சாற்றின் அடர்த்தியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நீரை 1.000 என்று வைத்து, நொதிக்குமுன் அளந்த தொடக்க அடர்த்தி 1.050 என்றால் அதை 50 புள்ளிகள் என்று எடுத்துக்கொண்டு, ஐபியூவை அதனால் வகுத்துப் பாருங்கள். விடை 0.5 அளவில் இருந்தால் இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று சமன்செய்யும், 0.3க்குக் கீழே இனிப்பு மேலோங்கும். 1ஐ நெருங்கினால் கசப்பே முன்னால் வந்து நிற்கும். முப்பது ஐபியூ என்பது மெல்லிய பியரில் கூர்மையாகவும், அடர்ந்த ஸ்டவுட்டில் இருப்பதே தெரியாமலும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி கிராம் கணக்கு. போட்ட அல்பா அமிலம் முழுவதும் கசப்பாக மாறுவதில்லை. வீட்டுத் தயாரிப்பாளர்களிடையே பரவலாகப் புழங்கும் டின்செத் சூத்திரத்தின்படி, 1.050 அடர்த்தியில் 60 நிமிடம் கொதித்தால் ஏறத்தாழ 23 சதவீதம் மாறும். 30 நிமிடத்தில் 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 15 நிமிடத்தில் 11 சதவீதத்துக்குச் சற்று அதிகம். 90 நிமிடம் வைத்தாலும் 25 சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே கசப்புக்காக மட்டும் எரிவாயுவை மேலும் அரை மணித்தியாலம் எரிப்பதால் பெரிய பயன் இல்லை. 20 லீற்றர், 1.050 அடர்த்தி, 60 நிமிடம் என்ற அமைப்புக்கு மனத்தில் வைத்திருக்கக்கூடிய சுருக்கக் கணக்கு ஒன்று உண்டு: வேண்டிய ஐபியூவை 8.7ஆல் பெருக்கி, பொதியில் உள்ள அல்பா சதவீதத்தால் வகுத்தால் தேவையான கிராம் கிடைக்கும். 30 ஐபியூ வேண்டும், அல்பா 12 சதவீதம் என்றால் 22 கிராம் போதும். அதே கசப்பை 4 சதவீத அல்பா கொண்ட இனத்தால் பெற 65 கிராம் வேண்டும்.

சாறு அடர்த்தியாக ஆக, மாறும் பங்கு குறைகிறது. 1.070 அடர்த்தியில் ஒரு ஸ்டவுட் செய்து 40 ஐபியூ எதிர்பார்த்தால், 12 சதவீத ஹொப்ஸ் ஏறத்தாழ 35 கிராம் வேண்டும், 1.050 அடர்த்தியில் இதே கசப்புக்கு 29 கிராம் போதுமாயிருக்கும். இந்த எண்கள் யாவும் மதிப்பீடுகளே. பாத்திரத்தின் வடிவம், கொதியின் வேகம், ஈஸ்டும் நுரையும் இழுத்துக்கொள்ளும் பங்கு ஆகியவை எல்லாம் விடையை அசைக்கும். ஆயினும் ஒரே பாத்திரத்தில் ஒரே முறையில் செய்கிறவருக்குப் பிழையும் ஒரே பக்கமாகவே இருக்கும் என்பதால், இரண்டு மூன்று தயாரிப்புகளில் தம் நாக்குக்கு ஏற்ப எண்ணைத் திருத்திக்கொள்ளலாம். நான்கைந்து ஐபியூ வேறுபாட்டைப் பெரும்பாலோரின் நாக்கு கண்டுபிடிப்பதில்லை. ஆகவே தசமப் புள்ளிகளுக்காக மண்டையை உடைக்க வேண்டாம்.

அல்பா கூடியதா, குறைந்ததா

65 கிராமா 22 கிராமா என்பது செலவுக் கணக்கு மட்டுமன்று. ஹொப்ஸின் அளவு கூடினால் இலைப்பொருளும் கூடுகிறது; இலைப்பொருளோடு பொலிபீனோல்கள் வருகின்றன; ஒரு மணித்தியாலக் கொதியில் அவை நாக்கை இழுக்கும் துவர்ப்பைக் கொண்டுவரலாம். அதோடு ஒவ்வொரு கிராம் ஹொப்ஸும் தன் நிறையைப் போல் பல மடங்கு சாற்றை உறிஞ்சிப் பாத்திரத்தின் அடியில் சேறாகப் படிந்துவிடும். எனவே கசப்புக்குப் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் அல்பா கொண்ட இனத்தையே பரிந்துரைக்கிறேன். நிறைய ஐபியூ வேண்டிய பியர்களில் இது இன்னும் முக்கியம்.

இதற்கு மாறான ஒரு கருத்தும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. இங்கிலாந்தின் பிற்றர் வகையிலும் செக் நாட்டுப் பில்ஸ்னரிலும் மரபாகவே அல்பா குறைந்த இனங்களைத் தொடக்கத்தில் போட்டு வந்திருக்கிறார்கள். ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ், ஃபகிள், சாட்ஸ் ஆகியவற்றில் அல்பா 3 முதல் 6 சதவீதத்துக்குள் இருக்கும். அவற்றைக் கூடுதலாகப் போடும்போது வரும் மென்மையான மூலிகைச் சுவையும் அந்தப் பியர்களின் குணத்தில் ஒரு பகுதி. அத்தகைய பியரைச் செய்கிறவர், கசப்பு 25 அல்லது 30 ஐபியூவுக்குள் நிற்குமானால், இந்த வழியில் தயங்காமல் போகலாம்.

மக்னம் என்ற ஜேர்மன் இனத்தை, முதன்முதலாக வாங்குகிறவருக்கு நான் எந்தத் தயக்கமும் இன்றிச் சொல்வேன். ஹலர்ட்டாவில் உள்ள ஹுல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது அது. அல்பா 11 முதல் 16 சதவீதம் வரை. கசப்பு சுத்தமானது, தன் சுவை எதையும் துருத்திக் காட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வைத்திருந்தால் கெடாமல் நெடுநாள் தாங்கும். எந்தப் பியரிலும் பொருந்தும் ஒன்றை மட்டும் வாங்கி வைக்கச் சொன்னால் இதைத்தான் வாங்குவேன். அமெரிக்காவின் வொரியர் இதற்கு நெருங்கியது. அல்பா இன்னும் அதிகம். ஹேர்குலஸும் ஜேர்மன் இனமே. அல்பா மிக அதிகம் என்பதால் சில கிராம்களிலேயே வேலை முடிந்துவிடும். ஆனால் அளவு குறையக் குறைய நிறுவையில் நேரும் சிறு பிழையும் பெரிதாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

கொலம்பஸும் சினூக்கும் வேறு குணம் கொண்டவை. இரண்டிலும் அல்பா அதிகம். கொலம்பஸில் 14 முதல் 18 சதவீதம் வரை போகும். இவை ஒரு மணித்தியாலம் கொதித்த பிறகும் பிசினும் பைன் மரமும் போன்ற ஒரு முரட்டுத்தன்மையை விட்டுச்செல்வதாகப் பலர் உணர்கிறார்கள். நானும் அவ்வாறே உணர்கிறேன். ஐபிஏ வகைக்கு அது பலம். கோதுமைப் பியருக்கோ மெல்லிய லாகருக்கோ குறை. நோர்தன் புறூவர் இங்கிலாந்தின் வை கல்லூரியில் 1934இல் உருவாக்கப்பட்ட பழைய இனம். அல்பா 7 முதல் 10 சதவீதம் என்று நடுத்தரமாக நிற்கும். மரமும் புதினாவும் கலந்தாற்போன்ற அதன் குணம் கறுப்புப் பியர்களோடு நன்கு இசையும். ஸ்டவுட் செய்பவர்களுக்கு மக்னத்துக்கு அடுத்து இதைச் சொல்வேன். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குப் பிரைட் ஒவ் றிங்வூட் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். அந்நாட்டு லாகர்களின் பழக்கமான கசப்பு அதிலிருந்து வந்ததே.

கோஹியூமுலோன் என்னும் ஓர் அல்பா அமிலத்தின் பங்கு கூடினால் கசப்பு முரடாகும் என்று பல கையேடுகள் எச்சரிக்கின்றன. விற்பனையாளர்கள் அந்த எண்ணையும் பொதியில் அச்சிடுகிறார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் இதை அவ்வளவு உறுதியாக ஆதரிக்கவில்லை. இரண்டு பொதிகளும் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் கோஹியூமுலோன் குறைந்ததை எடுங்கள். இந்த ஓர் எண்ணுக்காகப் புதிய பொதியை விட்டுவிட்டுப் பழைய பொதியை எடுக்காதீர்கள்.

வெப்பமே பெரிய எதிரி

அல்பா அமிலம் நாளுக்கு நாள் சிதைகிறது. பொதியில் உள்ள எண் அளந்த நாளுக்குரியது. நீங்கள் போடும் நாளுக்குரியது அன்று. மக்னம் போன்ற இனம் 20 பாகையில் ஆறு மாதம் கிடந்தாலும் அல்பாவில் பெரும்பகுதியைக் காத்துக்கொள்ளும். கொலம்பஸ் அதே நிலையில் பாதியளவை இழந்துவிடக்கூடும். இந்த எண்கள் 20 பாகைக்கு உரியவை என்பதைக் கவனியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்லடியிலோ அக்கரைப்பற்றிலோ மூடிய அறைக்குள் 30 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்து வரும். மெல்பேர்ணின் சனவரியிலும் ரொறன்ரோவின் யூலையிலும் நிறுத்திவைத்த காருக்குள் இதைவிடவும் மோசம்.

வெப்பநிலை 15 பாகை குறையும்போதெல்லாம் சிதையும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது ஹொப்ஸ் சேமிப்பவர்கள் பயன்படுத்தும் பொது விதி. 30 பாகையிலிருந்து பிறீசரின் மைனஸ் 15 பாகைக்குப் போனால் மூன்று முறை பாதியாகி எட்டில் ஒன்றாகிவிடும். ஒட்சிசன் இன்னொரு காரணம். ஆகவே காற்று அகற்றி மூடிய, அல்லது நைதரசன் நிரப்பிய தகட்டுப் பொதியையே வாங்குங்கள். ஒளி ஊடுருவும் மெல்லிய பொலித்தீன் பையில் கட்டிக் கடை அலுமாரியில் வைத்திருப்பதை மலிவு என்று எடுக்காதீர்கள். திறந்த பொதியில் மிஞ்சியதைக் காற்றை வெளியேற்றி இறுக்கி மூடி, திறந்த திகதியை எழுதிப் பிறீசரில் வையுங்கள். வெளியில் எடுத்தால், பொதி அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த பெலெட்டின் மேல் நொடியில் நீர் பூத்து, அது ஊறிப் பொருமிவிடும்.

அறுவடை ஆண்டைப் பார்க்கும்போது அரைக்கோளத்தையும் பாருங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆகஸ்ட், செப்டெம்பரில் அறுவடை. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஒரே ஆண்டை அச்சிட்ட இரண்டு பொதிகளுக்கிடையே அரை ஆண்டு வயது வேறுபாடு இருக்கலாம்.

பொதி சற்றுப் பழையது என்று தெரிந்தால் எறிய வேண்டியதில்லை. கணக்கைத் திருத்தினால் போதும். 12 சதவீதத்தில் கால்பங்கு போயிருக்கும் என்று மதிப்பிட்டால் 9 சதவீதமாக எடுத்து, 30 ஐபியூவுக்கு 22 கிராமுக்குப் பதிலாக 29 கிராம் போடுங்கள். பாற்கட்டி நாற்றம் வந்துவிட்டதென்றால் இந்தத் திருத்தமும் வேண்டாம், அது குப்பைக்குரியது.

உறவினர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது பயணப்பையில் ஹொப்ஸ் கொண்டுவரச் சொல்பவர்கள், தாவரப் பொருட்களை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு விதிகள் உண்டு என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி, உரிய இடத்தில் விசாரித்துவிட்டே கொண்டுவரச் செய்ய வேண்டும்.

தண்ணீர் செய்யும் வேலை

ஒரே ஹொப்ஸ், ஒரே கிராம், ஒரே நேரம். ஆனால் தண்ணீர் மாறினால் கசப்பும் மாறும். சல்பேற்று கூடிய நீரில் கசப்பு உலர்ந்து கூராகத் தெரியும். இங்கிலாந்தின் பேர்டன் நகரத்து பேல் ஏல் பேர்பெற்றதற்கு அந்நகர நீரின் சல்பேற்று ஒரு காரணம். குளோரைட்டு கூடினால் மோல்ட்டின் இனிப்பும் நிறைவும் முன்னால் வந்து கசப்பு பின்வாங்கும். பைகாபனேற்று கூடிய கார நீரில் கசப்பு கரடுமுரடாக நாக்கில் தங்கும். லண்டனில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மெல்பேர்ணின் நீர் மிக மென்மையானது. அங்கே ஐபிஏ வகை செய்பவர் 20 லீற்றருக்கு 4 கிராம் ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று) சேர்த்தால் சல்பேற்று லீற்றருக்கு ஏறத்தாழ 110 மில்லிகிராம் உயரும். கசப்பு உடனே தெளிவடையும்.

மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளில் பல, வாவிக்கும் கடலுக்கும் இடையே உள்ள மணற்படுகையில் தோண்டியவை. கோடை முற்ற முற்ற அவற்றில் உவர்ப்பு ஏறும். ஹொப்ஸின் சுவையைச் சோதிக்க அந்த நீர் உதவாது. குழாய்நீரில் குளோரின் இருக்கும். அது மோல்ட்டிலும் ஹொப்ஸிலும் உள்ள பீனோல்களோடு சேர்ந்தால் மருந்துக்கடை வாடை வரும் என்பதால், முதலில் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். சோதனைக்கு வடிகட்டிய போத்தல் நீரே நல்லது.

நொதிக்காத சோதனை

இரண்டு ஹொப்ஸில் எது பொருத்தம் என்று அறிய 20 லீற்றர் பியர் செய்து நான்கு கிழமை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கம் நிறுக்கும் சிறிய டிஜிற்றல் தராசு ஒன்று வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே நம்பத்தக்கதன்று. ஒரு லீற்றர் போத்தல் நீரில் சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டு மெல்லிய புளிப்புக்குக் கொண்டுவாருங்கள். வெறும் நீரில், குறிப்பாகக் கார நீரில், ஹொப்ஸின் துவர்ப்பு அளவுக்கு மீறி இறங்கும். நீர் கொதித்ததும் 12 சதவீத அல்பா கொண்ட பெலெட் ஒரு கிராம் போட்டு 30 நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். வற்றும் நீரை அவ்வப்போது ஈடுசெய்யுங்கள். சூத்திரத்தின்படி இது 30 ஐபியூவைச் சற்றுத் தாண்டும். சீலையில் வடித்துக் குளிரவையுங்கள்.

இன்னொரு பாத்திரத்தில் 4 சதவீத அல்பா கொண்ட இனம் 3 கிராம். இரண்டிலும் அல்பா அமிலம் ஒரே அளவு, 120 மில்லிகிராம். இரண்டையும் ஒரே மாதிரியான கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றி, எது எது என்று தெரியாதபடி வீட்டில் வேறொருவரைக் கொண்டு மாற்றிவைக்கச் சொல்லிப் பருகிப் பாருங்கள். முதல் மிடறில் கசப்பு ஏறத்தாழச் சமமாகத் தோன்றும். வித்தியாசம் விழுங்கிய பிறகே வரும்: ஒன்று நாக்கின் பின்புறத்தில் நின்று சட்டென்று மறையும், மற்றது கன்னத்தின் உட்பக்கத்தை இழுத்து, புல்லையும் தேயிலையையும் நினைவூட்டியபடி நெடுநேரம் தங்கும். எது பிடிக்கிறது என்பது உங்கள் தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு இனி விளம்பரத்திலிருந்து வராது. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையே வெறுஞ்சோறு ஒரு வாய் சாப்பிட்டு நாக்கைத் துடைத்துக்கொள்ளுங்கள். காரம் சாப்பிட்ட நாளில் இதைச் செய்யாதீர்கள்.

மிஞ்சிய ஹொப்ஸ் நீரை ஒன்றுக்கு இரண்டாகச் சோடா கலந்து, சிறிது சீனியும் தேசிக்காயும் விட்டுக் குளிரப் பருகலாம். மதுசாரம் இல்லாத நல்ல பானம் அது. ஈஸ்ட் சேர்க்காமல், அன்றன்றைக்கே குடித்து முடித்துவிட வேண்டும். சீனி சேர்த்த நீரை நம் வெப்பத்தில் மூடிவைத்தால் அது தானாகவே நொதிக்கத் தொடங்கும்.

பாத்திரத்தருகே

அனுமதி உள்ள நாட்டில் பியர் தயாரிப்பவர்கள் ஹொப்ஸ் போடும் கணத்தைக் கவனிக்க வேண்டும். மோல்ட் சாறு கொதிக்கத் தொடங்கியவுடன் மேலே தடித்த நுரை எழும். அந்த நுரை உடைந்து அடங்கிய பின்பே ஹொப்ஸைப் போடுங்கள். கொதிக்கும் சாற்றில் பெலெட்டை மொத்தமாகக் கொட்டினால் நுரை சீறிப் பொங்கி அடுப்பை அணைத்துவிடும், கையையும் சுடும். நெருப்பைக் குறைத்து, நான்கைந்து தடவையாகத் தூவி, ஒவ்வொரு முறையும் நுரை தணிந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள். 60 நிமிடக் கணக்கு கடைசிப் பிடி விழுந்ததும் தொடங்கும். பாத்திரத்தை முழுவதும் மூடாமல் வீரியமாகக் கொதிக்கவிட வேண்டும்.

கொதி முடிந்ததும் விரைவாகக் குளிர்விப்பது கசப்புக்கும் நல்லது. 80 பாகைக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அல்பா அமிலம் மாறிக்கொண்டே இருக்கும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் கணக்கில் இல்லாத கசப்பு சேர்ந்துவிடும். முடிந்த பியரைக் கபில நிறப் போத்தலில் அடையுங்கள். ஐசோ அல்பா அமிலங்கள் ஒளி பட்டால் சிதைந்து, ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றத்தை ஒத்த ஒரு கந்தகச் சேர்மத்தை உருவாக்கும். வெயிலில் சில நிமிடங்களே இதற்குப் போதும்.

வடித்தெடுத்த ஹொப்ஸ் சக்கையை முற்றத்திலோ திறந்த குப்பையிலோ கொட்டாதீர்கள். ஹொப்ஸ் நாய்களுக்கு நஞ்சு; மோல்ட்டின் இனிப்பு வாசனை பிடித்து அவை விரும்பித் தின்னும்; தின்றால் உடல் வெப்பம் கட்டுமீறி ஏறி உயிரையே பறிக்கலாம். ஹொப்ஸ் நீர் செய்தவர்களும் சீலையில் எஞ்சிய சிறு உருண்டையைக்கூடச் சுருட்டிக் கட்டி, மூடியுள்ள வாளியில் போடுங்கள், அல்லது நாய் கிளற முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.